அடுத்த வீட்டுப் பண்டிகையும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு யூதர்களின் பண்டிகைகளைக் காகித வேலை மூலம் சொல்லிக் கொடுக்கலாம் என்று நான் ஒரு யோசனை சொன்னேன். கேட்டவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் முகம் சுளித்தார்கள். “ஆடிப்பெருக்கு என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைக்கு ஹனுக்கா எதற்கு சார்?” என்று ஓர் அன்பர் நேராகவே கேட்டார். நியாயமான கேள்விதான். நின்றுகொண்டே பதில் சொல்லி முடிக்கக்கூடிய கேள்வியில்லை என்பதால் இந்தப் பக்கங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நான் பண்டிதன் அல்ல. பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்து, ரயில்வேயில் தண்டவாளம், பாலம், கல்வர்ட் என்று முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் உத்தியோகம் பார்த்து ரிடையர் ஆனவன். ஆகவே விஷயத்தை ஒரு வேலைக்காரனின் கண்ணோடுதான் பார்க்கத் தெரியும்.

முதலில், ஏன் யூதர்கள்? கிறிஸ்துமஸும் ஈத் பண்டிகையும் நம் பிள்ளைகளுக்கு ஓரளவு தெரியும். கணபதி உற்சவத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் மும்பையிலும் தானேயிலும் தலைமுறை தலைமுறையாக நம் பக்கத்தில் இருக்கும் இந்தச் சிறு சமூகத்தைப் பற்றி நம்மில் பெரியவர்களுக்கே தெரியாது. தானேயில் இருக்கும் அவர்களுடைய ஜெப ஆலயம் 1879இல் கட்டப்பட்டது. மும்பையின் முதல் ஜெப ஆலயம் அதற்கும் முந்தியது, 1796. அது இருக்கும் பகுதிக்குப் பக்கத்து ஸ்டேஷன்தான் மஸ்ஜித். அந்தப் பெயரே இந்த ஆலயத்தால் வந்தது என்று சொல்வோரும் உண்டு. தினமும் அந்த ஸ்டேஷனைக் கடந்து ஆபீசுக்குப் போய் வந்த நம்மவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்?

இவர்கள் பெனே இஸ்ரேல் எனப்படுவோர். கொங்கணக் கடற்கரையில், அலிபாக் அருகே நவ்காவ் என்ற ஊரின் பக்கம் கப்பல் உடைந்து, ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் மட்டும் கரையேறியதாக அவர்களுடைய மரபுக் கதை. கிராமங்களில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்தார்கள். சனிக்கிழமை செக்கை நிறுத்திவிடுவதால் ‘ஷனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள், என்று ஊரார் பெயர் வைத்தார்கள். தாய்மொழி மராத்தி. ஊர்ப் பெயரோடு ‘கர்’ சேர்த்துக் குடும்பப் பெயர். பண்டிகைகளுக்குக்கூட மராத்திப் பெயர்கள் வைத்துக்கொண்டார்கள். வருஷப் பிறப்பு ‘நவ்யாச்சா சண்’, பூரிம் பண்டிகை ஹோலியை ஒட்டி வருவதால் ‘ஹோலிச்சா சண்’. வந்த ஊரின் மொழியையும் விடவில்லை, கொண்டு வந்த பண்டிகையையும் விடவில்லை.

இவர்களில் நிறையப் பேர் ரயில்வேயில் இருந்தார்கள். என் செக்ஷன் ஆபீசிலும் ஒரு ஹெட் கிளார்க் இருந்தார். செப்டம்பர், அக்டோபர் வந்தால் துண்டு துண்டாக லீவு கேட்பார். “உங்களுக்கு எத்தனை பண்டிகை சாஹேப்!” என்று எல்லோரும் கிண்டல் செய்வோம். “உங்களை விடக் குறைவுதான், ஆனால் என் வீட்டில் ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகளுக்கு வேலை உண்டு” என்பார். அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரைக்கு வித்து.

1948க்குப் பிறகு இவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேல் போய்விட்டார்கள். இன்று மகாராஷ்டிரத்தில் சில ஆயிரம் பேர் இருக்கிறார்கள். 2016இல் மாநில அரசு இவர்களைச் சிறுபான்மையினராக அங்கீகரித்தது. போனவர்களும் சும்மா இருக்கவில்லை. அங்கே இருந்துகொண்டு மராத்தியில் ‘மாயபோலி’ என்ற பெயரில் ஒரு பத்திரிகை நடத்தினார்கள். அங்கே இருந்துகொண்டு மராத்திப் பத்திரிகை, இங்கே இருந்துகொண்டு நாம் தமிழ்ப் பத்திரிகை. நம் கஷ்டம் அவர்களுக்குத் தெரியும், அவர்கள் கஷ்டம் நமக்குத் தெரிய வேண்டும்.

தமிழுக்கும் இவர்களுக்கும் ஒட்டே இல்லை என்று நினைக்க வேண்டாம். கொச்சி யூதர்களிடம் செப்பேடுகள் உண்டு. ஏறக்குறைய கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவி, ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்குக் கொடுத்த உரிமைகளைப் பொறித்தவை அவை. எழுத்து வட்டெழுத்து. உரிமைகளின் பட்டியலில் பகல்விளக்கு உண்டு, குடை உண்டு, தோரணம் உண்டு. நம் பிள்ளை இன்று படித்தாலும் புரியும் சொற்கள். 2017இல் பிரதமர் இஸ்ரேல் சென்றபோது அந்நாட்டுப் பிரதமருக்குக் கொடுத்த பரிசுகளில் இந்தச் செப்பேட்டின் நகலும் ஒன்று. ஆயிரம் வருஷத்துக்கு முன் தோரணம் கட்டும் உரிமை கொடுத்தவர்கள் நாம். அதே தோரணத்தை இன்று காகிதத்தில் செய்வதில் என்ன குறைந்துவிடும்?

பிள்ளைக்கு ஒரு வேலை

சொந்த மண் இல்லாமல் ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷம் ஊர் ஊராக வாழ்ந்த மக்கள், தங்கள் பஞ்சாங்கத்தை எப்படித் தொலைக்காமல் வைத்திருந்தார்கள்? பெரிய பெரிய காரணங்கள் பலவற்றை அறிஞர்கள் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த சின்னக் காரணம் ஒன்று உண்டு. அவர்களுடைய பண்டிகைகளில் பிள்ளை வேடிக்கை பார்ப்பவன் அல்லன். அவனுக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது.

எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதைக் கொண்டாடும் பெசாக் பண்டிகையில், முதல் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் வீட்டின் கடைக்குட்டி எழுந்து, இந்த ராத்திரி மட்டும் ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்று முறைப்படி கேள்வி கேட்க வேண்டும். பெரியவர்கள் பதிலாகக் கதை சொல்ல வேண்டும். குழந்தை கேட்டுத்தான் கதை தொடங்குகிறது. நம் வீட்டில் என்ன செய்கிறோம்? பிள்ளை கேள்வி கேட்டால், “பூஜை நேரத்தில் பேசாதே” என்கிறோம். பிறகு பதினைந்து வயதில் அவன் எதையும் கேட்பதில்லை என்று வருத்தப்படுகிறோம்.

இன்னொரு விஷயமும் உண்டு. அவர்களுடைய சாஸ்திரப்படி சனிக்கிழமையிலும் பெரிய பண்டிகை நாட்களிலும் வேலை கூடாது. ஆசாரமாக இருப்பவர்கள் அன்று காகிதம் வெட்டவோ எழுதவோ மாட்டார்கள். ஆகவே செய்வதையெல்லாம் பண்டிகை தொடங்கும் சூரிய அஸ்தமனத்துக்கு முன்பே செய்து முடித்தாக வேண்டும். எங்கள் உத்தியோகத்தில் ‘பிளாக்’ என்று ஒன்று உண்டு. ரயில் ஓடாத நேரமாகப் பார்த்துத் தண்டவாள வேலைக்கு அனுமதி தருவார்கள், குறித்த நிமிஷத்தில் முடித்துக் கொடுத்துவிட வேண்டும். பிள்ளைகளுக்கு இப்படி ஒரு கெடு இருந்தால் உற்சாகம் தானாக வரும். பண்டிகைக்கு முந்தைய அந்த ஒரு வாரத்தில்தான் உண்மையான பாடம் நடக்கிறது. கை வெட்டிக்கொண்டிருக்கும்போது வாய் கேள்வி கேட்கும், காது கதை கேட்கும்.

இனி, வகுப்பில் செய்யக்கூடிய நான்கு வேலைகளைச் சொல்கிறேன். பழைய காலண்டர், பத்திரிகை அட்டை, பசை, முனை மழுங்கிய கத்தரிக்கோல் போதும்.

முதலாவது சுக்கோத். எகிப்திலிருந்து வெளியேறிப் பாலைவனத்தில் நாற்பது வருஷம் அலைந்தபோது குடிசைகளில் தங்கியதை நினைத்து, ஏழு நாள் ஒரு பந்தலில் இருந்து சாப்பிடும் பண்டிகை. பந்தலின் கூரை மண்ணில் விளைந்ததாக இருக்க வேண்டும். நம் ஊர்ப்பக்கத்து யூதர்களுக்குத் தென்னை ஓலைக்கா பஞ்சம்? வெயிலை விட நிழல் அதிகமாக இருக்க வேண்டும், அதே சமயம் இடுக்கு வழியே நட்சத்திரம் தெரிய வேண்டும் என்பது வழக்கம். கூரைக்குக் கீழே அலங்காரமாகப் பிள்ளைகள் காகிதச் சங்கிலி தொங்கவிடுவார்கள். ஓர் ஏ4 தாளை 3 செ.மீ. அகலமும் 21 செ.மீ. நீளமும் உள்ள பட்டைகளாக வெட்டினால் ஒன்பது பட்டை கிடைக்கும். ஒரு செ.மீ. ஒன்றன் மேல் ஒன்று வைத்து ஒட்டினால் ஏறத்தாழ 6 செ.மீ. குறுக்களவுள்ள வளையம் வரும். மூன்று மீட்டர் சங்கிலிக்கு ஐம்பது வளையம், அதாவது ஆறு தாள். இந்தக் கணக்கைப் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள். போட்டுக்கொண்டிருக்கும்போதே, “வீடு இல்லாமல் அலைந்தவர்கள் வீடு கிடைத்த பிறகும் ஏன் வருஷத்துக்கு ஏழு நாள் பந்தலுக்கு வருகிறார்கள்?” என்று கேளுங்கள். ஊரை விட்டு வந்த குடும்பத்துப் பிள்ளை இதற்கு நல்ல பதில் சொல்வான்.

இரண்டாவது, சுக்கோத்தை ஒட்டி வரும் சிம்ஹாத் தோரா. ஆலயத்தில் வாரம் ஒரு பகுதியாக வேதச் சுருளை வாசித்து, ஒரு வருஷத்தில் முடித்து, முடித்த அன்றே மறுபடி முதலிலிருந்து தொடங்கும் நாள். பெரியவர்கள் சுருளை ஏந்தி ஆலயத்தைச் சுற்றி வரும்போது பிள்ளைகள் காகிதக் கொடி பிடித்துக்கொண்டு பின்னால் போவார்கள். ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் கொடிக்குச்சியின் நுனியில் ஓர் ஆப்பிளைக் குத்தி, அதன் மேல் மெழுகுவர்த்தியும் ஏற்றுவார்களாம். நமக்கு மெழுகுவர்த்தி வேண்டாம், ஆப்பிள் போதும். வகுப்பு முடிந்ததும் சாப்பிட்டுவிடலாம். கொடியில் பிள்ளை தான் முடித்த ஒரு புத்தகத்தின் பெயரையும் அடுத்துத் தொடங்கப்போகும் புத்தகத்தின் பெயரையும் எழுதட்டும்.

மூன்றாவது ஹனுக்கா. பொதுவாக டிசம்பரில் வரும். அந்நிய அரசன் ஒருவன் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்த, மக்கபேயர் என்ற சிறு கூட்டத்தார் போராடி, கி.மு. 164இல் அதை மீட்டுத் தூய்மை செய்தார்கள். ஒரு நாளுக்கே போதுமான எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்பது கதை. அதனால் முதல் இரவு ஒரு விளக்கு, இரண்டாம் இரவு இரண்டு, இப்படியே எட்டாம் இரவு எட்டு. மற்றவற்றை ஏற்ற உதவும் விளக்கு தனி. அதோடு சேர்த்து ஒன்பது. அட்டையில் ஒன்பது கிளை விளக்கை வெட்டி ஒட்டி, தினம் மாலையில் பிள்ளை அன்றைய கணக்குக்கு மஞ்சள் காகிதச் சுடர்களை வைக்கட்டும். ஒவ்வொரு இரவும் புதிதாக ஏற்றுவதென்றால், உதவி விளக்கையும் சேர்த்து எட்டு நாளில் மொத்தம் எத்தனை சுடர்? நாற்பத்து நான்கு. காகித விளக்கில் உண்மை நெருப்பு மட்டும் கூடவே கூடாது.

இந்த விளக்கைப் பற்றி ஒரு விவகாரம் உண்டு. முதல் நாள் எட்டு ஏற்றித் தினம் ஒன்று குறைக்க வேண்டும் என்றது ஷம்மாய் கட்சி. ஒன்றில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்றது ஹில்லேல் கட்சி. ஹில்லேல் சொன்னதே வழக்கமாயிற்று. ஆனால் தோற்ற கட்சியின் கருத்தையும் அழிக்காமல் தல்மூதில் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் சங்கத்து மினிட்ஸ் புத்தகத்திலும் இந்த வழக்கம் வந்தால் நல்லது.

ஹனுக்காவுக்கு ஒரு பம்பரமும் உண்டு. நாலு பக்கம், பக்கத்துக்கு ஒரு ஹீப்ரு எழுத்து: நூன், கீமெல், ஹே, ஷின். நூன் விழுந்தால் ஒன்றுமில்லை. கீமெல் என்றால் நடுவில் இருப்பதெல்லாம் உனக்கு. ஹே என்றால் பாதி. ஷின் என்றால் நீ ஒன்று போட வேண்டும். காசுக்குப் பதில் புளியங்கொட்டை வைத்து ஆடலாம். அட்டையில் 4 செ.மீ. கனசதுரம் செய்து, மேலும் கீழும் மூலைவிட்டங்கள் வரைந்து, அவை வெட்டிக்கொள்ளும் இடத்தில் துளையிட்டுக் குட்டைப் பென்சிலைச் சொருக வேண்டும். துளை சற்று விலகினாலும் பம்பரம் தள்ளாடும். ‘மையம் தப்பினால் சுழலாது’ என்பதை எந்த இன்ஜினீயரிங் புத்தகமும் இவ்வளவு சீக்கிரம் சொல்லிக் கொடுக்காது.

அந்த நாலு எழுத்துக்கும் ஒரு பொருள் உண்டு. ஒரு பெரிய அற்புதம் அங்கே நடந்தது என்ற ஹீப்ரு வாக்கியத்தின் நாலு சொற்களுக்கு அவை முதலெழுத்துக்கள். கவனியுங்கள், ‘அங்கே’. இஸ்ரேலில் செய்யும் பம்பரத்தில் மட்டும் ஷின்னுக்குப் பதிலாகப் பே இருக்கும். அது ‘இங்கே’ என்ற சொல்லின் முதலெழுத்து. போலந்திலும் பாக்தாதிலும் மும்பையிலும் இருந்த குழந்தைக்கு ‘அங்கே’. அந்த மண்ணில் இருக்கும் குழந்தைக்கு ‘இங்கே’. விளையாட்டுச் சாமானில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். நம் பிள்ளைகளுக்குப் பொங்கல் என்பது ‘அங்கே, தாத்தா ஊரில்’ நடப்பது. ‘அங்கே’ என்று சொல்லிச் சொல்லியே அதை மறக்காமல் வைத்திருக்க முடியும் என்பதற்கு இந்தப் பம்பரம் சாட்சி. இதை வகுப்பில் விளக்கிச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே நான் இந்த யோசனையை முன்வைத்தேன் என்றாலும் தப்பில்லை.

நான்காவது பூரிம். பாரசீக ராஜ்யத்தில் ஹாமான் என்ற மந்திரி யூதர்களை ஒழிக்கச் சீட்டுப் போட்டு நாள் குறித்தான். ராணி எஸ்தர் தன் மக்களைக் காப்பாற்றினாள். அந்த எஸ்தர் ஆகமத்தின் முதல் வரியிலேயே நம் தேசம் வருகிறது. ராஜாவின் 127 நாடுகளும் இந்தியாவில் தொடங்குவதாக அது சொல்கிறது. ஆலயத்தில் கதை வாசிக்கும்போது ஹாமான் பெயர் வரும் போதெல்லாம் பிள்ளைகள் சத்தம் போட்டு அந்தப் பெயரை மூழ்கடிக்க வேண்டும். சத்தம் போடுவதே பிள்ளையின் கடமை என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? இரண்டு காகிதத் தட்டுகளுக்கு நடுவே துவரம் பருப்பைப் போட்டு ஓரத்தை ஒட்டினால் கிலுகிலுப்பை தயார். முகமூடியும் செய்யலாம். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அன்று சிநேகிதர் ஒருவருக்காவது இரண்டு வகைத் தின்பண்டம் அனுப்ப வேண்டும், ஏழைகள் இருவருக்காவது ஏதேனும் கொடுக்க வேண்டும் என்பது விதி. அதற்குப் பெட்டி கடையில் வாங்க வேண்டாம். நம் ஊர்ப் பொட்டலம் இருக்கிறதே! சுண்டல் மடிக்கும் கூம்புப் பொட்டலத்தை மடிக்கத் தெரிந்த பிள்ளை இன்று எத்தனை பேர்?

பார்த்தீர்களா, நான்கிலும் ஒரு பொது அம்சம் இருக்கிறது. செய்த பொருளுக்குப் பண்டிகையில் ஓர் உபயோகம் இருக்கிறது. சங்கிலி தொங்குகிறது, கொடி ஊர்வலம் போகிறது, பம்பரம் சுழல்கிறது, கிலுகிலுப்பை சத்தம் போடுகிறது. பள்ளிக்கூடத்தில் இப்போது ‘கிராஃப்ட்’ என்று நடப்பது பெரும்பாலும் இப்படி இல்லை. டீச்சர் கேட்டார் என்று ஸ்டேஷனரி கடையில் கிட் வாங்கி, அம்மா ராத்திரி பதினொரு மணி வரை ஒட்டி, காலையில் மார்க் வாங்கிக்கொண்டு, மறுநாள் குப்பைக்குப் போகிறது. உபயோகம் இல்லாத உதிரிபாகத்தை நாங்கள் ஸ்டோரில் வைத்திருந்தால் ஆடிட்டர் கேள்வி கேட்பார். பிள்ளை செய்யும் பொருளுக்கும் அதே விதி. எங்கே வைக்கப்போகிறோம், யாருக்குக் கொடுக்கப்போகிறோம் என்று முடிவு செய்துவிட்டுக் கத்தரிக்கோலைக் கையில் எடுக்க வேண்டும்.

சில எச்சரிக்கைகளும் சொல்ல வேண்டும். பிள்ளையின் வேலையைப் பெரியவர்கள் திருத்தக் கூடாது. கோணலாக இருக்கட்டும். துல்லியம் தேவைப்படும் இடத்தில், அதாவது பம்பரத்தின் துளையில், பம்பரமே அவனைத் திருத்தும். அடுத்தது, தெய்வத்தின் பெயரைக் காகித வேலையில் எழுத வேண்டாம். தெய்வப் பெயர் எழுதிய காகிதத்தை யூதர்கள் எறிவதில்லை. தனியறையில் சேர்த்து வைத்துப் பின்பு புதைப்பார்கள். கெய்ரோவில் அப்படிச் சேர்ந்த ஓர் அறையிலிருந்துதான், 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் வியாபாரம் செய்த ஆபிரகாம் பென் யிஜு என்ற யூதரின் கடிதங்கள் கிடைத்தன. ஏடனில் இருந்த சிநேகிதர் அவருக்குக் கப்பலில் அனுப்பிய அன்பளிப்புகளில் நல்ல காகிதமும் உண்டு. காகிதம் காலில் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நமக்கு அந்த மரியாதையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. மூன்றாவது, வேதச் சுருள், தொழுகைச் சால்வை முதலியவற்றைப் பொம்மையாக்கி விளையாட விடக் கூடாது. நம் பூணூலையோ ஐயப்ப மாலையையோ வேறொருவர் பொம்மைக்குப் போட்டால் நமக்கு எப்படி இருக்கும்? சந்தேகம் வந்தால் அவர்களில் ஒருவரையே கேட்டுவிடலாம். தானேயில் கேட்பதற்கு ஆள் இருக்கிறார்கள். கூப்பிட்டால் வருவார்கள் என்றே நம்புகிறேன்.

இப்போது அந்த அன்பரின் கேள்விக்கு வருகிறேன். நம் பண்டிகையே தெரியாத பிள்ளைக்கு அடுத்தவர் பண்டிகை எதற்கு? என் அனுபவத்தில், நம் வீட்டுப் பழக்கம் நமக்குக் கண்ணுக்குத் தெரிவதில்லை. அடுத்த வீட்டுக்குப் போய்வந்த பிறகுதான் தெரிகிறது. பந்தலில் காகிதச் சங்கிலி கட்டிய பிள்ளை, “நம் கல்யாணத்துக்கு ஏன் பந்தல் போடுகிறோம்? மாவிலைத் தோரணம் எதற்கு?” என்று கேட்பான். எட்டு நாள் விளக்கைக் கூட்டிக்கொண்டே போனவள், “கார்த்திகைக்கு நாம் எத்தனை விளக்கு ஏற்றுவோம் பாட்டி?” என்பாள். கேள்வி வந்துவிட்டால் பதில் சொல்ல நாம் இருக்கிறோம். கேள்வியே வராத பிள்ளைக்கு ஆடிப்பெருக்கைப் பற்றி ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தால், செல்போனைத்தான் எடுப்பான்.

பஞ்சாங்கத்தைக்கூட இப்படிச் சொல்லிக் கொடுக்கலாம். 2025இல் செப்டம்பர் 22 அன்று நவராத்திரி தொடங்கியது. அன்று மாலையே யூத வருஷமும் பிறந்தது. இரண்டும் அமாவாசையை ஒட்டி வருபவை. சந்திரக் கணக்கு சூரியனை விட்டு விலகாமலிருக்க அவர்கள் 19 வருஷத்தில் ஏழு முறை ஒரு மாதம் அதிகம் சேர்க்கிறார்கள். வட இந்தியப் பஞ்சாங்கத்தின் அதிக மாதமும் அதே வேலையைத்தான் செய்கிறது. இரண்டு அட்டை வட்டங்களை ஒன்றன் மேல் ஒன்று வைத்து நடுவில் ஊசி குத்திச் சுழற்றினால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் இது புரிந்துவிடும்.

“இப்போது உலகம் இருக்கும் நிலையில் இந்தப் பேச்சு வேண்டுமா?” என்றும் ஒருவர் கேட்டார். மேற்காசியாவின் சண்டையைப் பற்றி நம்மிடையே பல அபிப்பிராயங்கள் உண்டு. இருக்கட்டும். அந்தத் தீர்ப்பைப் பத்து வயதுப் பிள்ளை சொல்ல வேண்டியதில்லை. அங்கே நடப்பதற்குத் தானேயில் எண்ணெய் விளக்கு ஏற்றும் குடும்பம் பொறுப்பும் இல்லை. ஆனால் ஒன்று நினைவிருக்கட்டும். 2008 நவம்பர் 26 அன்று தொடங்கிய தாக்குதலில் நாரிமன் ஹவுஸில் ஒரு யூத குருவும் அவர் மனைவியும் மற்றும் நால்வரும் கொல்லப்பட்டு, அவர்களின் இரண்டு வயதுக் குழந்தையை வளர்ப்புத் தாய் தூக்கிக்கொண்டு ஓடிவந்த பிறகுதான், இந்த நகரத்தில் பலருக்கு இங்கே யூதர்கள் இருப்பதே தெரிந்தது. அதே இரவில் நாங்கள் உத்தியோகம் பார்த்த சி.எஸ்.டி. நிலையத்திலும் ரத்தம் சிந்தியது. ஓர் அண்டை வீட்டாரைப் பற்றி நம் பிள்ளைகள் முதன்முதலாகத் தெரிந்துகொள்வது துப்பாக்கிச் சத்தத்தினாலா இருக்க வேண்டும்? ஒரு காகித விளக்கினால் தெரிந்துகொள்ளட்டுமே.

நமக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. நம் விழாக்களைப் பாருங்கள். ஹால் பிடிக்கிறோம், மைக் வைக்கிறோம், ஊரிலிருந்து பேச்சாளரை வரவழைக்கிறோம், பிள்ளைகளை முன்வரிசையில் உட்காரவைத்து, “சத்தம் போடாதே” என்கிறோம். பொங்கல் விழாவில் பிள்ளைக்கு என்ன வேலை? கைதட்டுவது. வேலை கொடுக்காத இடத்தில் யாரும் நிலைத்து நிற்க மாட்டார்கள் என்பது எந்த ஆபீஸிலும் தெரிந்த உண்மை. இருபது வருஷம் கழித்து இந்தச் சங்கத்தின் சாவியை யாரிடம் கொடுக்கப் போகிறோம்?

ஆகவே என் யோசனை சுருக்கமாக இதுதான். மாதம் ஒரு ஞாயிறு, கடைசி அரைமணி நேரம், காகித வேலைக்கு ஒதுக்குவோம். ஒரு மாதம் அண்டை வீட்டாரின் பண்டிகை, மறுமாதம் நம்முடையது. செப்டம்பர், அக்டோபரில் சுக்கோத் சங்கிலியோடு ஆரம்பிக்கலாம். அதே சங்கிலியை நவராத்திரிக் கொலுவுக்கும் கட்டலாம், தடையில்லை. கார்த்திகைக்குக் காகிதக் கூண்டு, டிசம்பரில் பம்பரம், பொங்கலுக்குக் காகிதக் கரும்பு, மார்ச்சில் பூரிம் பொட்டலம். செய்தது எதையும் அலமாரியில் பூட்டாமல் பண்டிகை அன்று உபயோகிக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

பழைய காலண்டர்களை எறியாமல் சங்க அலுவலகத்தில் சேர்ப்பியுங்கள். அட்டையை அளந்து கோடு போட்டுக் கொடுக்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். வெட்டுவதும் ஒட்டுவதும் பிள்ளைகள் வேலை. கதை சொல்லத் தாத்தா பாட்டிகள் நாலைந்து பேர் முன்வந்தால் வரும் மாதமே தொடங்கிவிடலாம்.